உருமாறிய அலையா, வேறு வழியா? நிலத்தடிப் பாறையைப் பார்க்க நான்கு தெரிவுகள்

மொறட்டுவையிலும் பேராதனையிலும் இறுதியாண்டுப் புரொஜெக்ட் தலைப்பு எடுக்கும் காலம் வந்தால், கொழும்பில் இருக்கும் எனக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "உருமாறிய அலையை வைத்து நிலத்தடிப் பாறையைப் பார்க்கலாமாமே, நானும் அதையே எடுக்கட்டுமா?" இப்போதெல்லாம் அடுக்குமாடிக்கு அத்திவாரம் போடும் பொறியியலாளர்களும் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இரு தரப்புக்கும் ஒரே பதில் சரிவராது. மாணவருக்கு நான் பெரும்பாலும் "எடுங்கள்" என்பேன். பொறியியலாளருக்கு "வேண்டாம், காசு வீண்" என்பேன். ஏன் என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் அடிப்படை. பி அலை (நில அதிர்வில் முதலில் வரும், பாறையை அமுக்கி நீட்டிச் செல்லும் அலை) ஒரு பாறை எல்லையைச் சாய்வாகக் கடக்கும்போது அதன் சக்தியில் சிறு பங்கு எஸ் அலையாக (பாறையைப் பக்கவாட்டில் ஆட்டிச் செல்லும் அலை) மாறிவிடும். இதுதான் உருமாறிய அலை. எல்லைக்கு நேர்ச்செங்குத்தாக வந்தால் மாற்றம் நடக்காது, சாய்வு வேண்டும். மாறிய எஸ் அலை மெதுவானது. ஆகவே பி வந்த பிறகு கொஞ்சம் பிந்தித்தான் கருவிக்கு வந்து சேரும். எவ்வளவு பிந்துகிறது என்பதை அளந்தால் எல்லை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். எஸ் பி ஆக மாறுவதும் உண்டு. அப்போது மாறியது முந்தி வரும்.

## தெரிவு செய்யுமுன் கேட்க வேண்டியவை

எந்த ஆழம் என்பது முதற்கேள்வி. பத்து மீற்றருக்கும் நாற்பது கிலோமீற்றருக்கும் ஒரே முறை உதவாது.

இரண்டாவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்: உங்களுக்கு வேண்டியது எல்லையா, வேகமா? உருமாறிய அலை "இங்கே பாறை சட்டென்று மாறுகிறது" என்பதை நன்றாகச் சொல்லும். அந்தப் பாறைக்குள் அலை என்ன வேகத்தில் போகிறது என்பதை அது நேராகச் சொல்லாது. படிப்படியாக, மெல்ல மாறும் இடத்தில் அது ஊமை. தரையை ஒட்டியே பரவும் மேற்பரப்பு அலைகள் இதற்கு எதிர்: வேகத்தைச் சொல்லும், எல்லையை மழுப்பிவிடும்.

பிறகு கருவி வைக்கும் நிலம் எப்படிப்பட்டது, எத்தனை மாதம் கையில் இருக்கிறது, பணம் எவ்வளவு, தரவு ஏற்கெனவே எங்காவது கிடக்கிறதா என்பவை. கடைசிக் கேள்விக்கு இலங்கையில் நல்ல பதில் இருக்கிறது. அதனால்தான் என் தராசு மாணவர்கள் விடயத்தில் ஒரு பக்கம் சாய்கிறது.

| தெரிவு | பார்க்கும் ஆழம் | நன்றாகச் சொல்வது | வெளியே தெரியாத செலவு |
|---|---|---|---|
| பி ரிசீவர் ஃபங்ஷன் (தொலைதூர நடுக்கத்தின் பி எஸ் ஆக மாறுவது) | சில கி.மீ. முதல் நூற்றுக்கணக்கான கி.மீ. வரை | மோஹோ (புவியோட்டின் அடி எல்லை), புவியோட்டுக்குள் இருக்கும் கூர்மையான எல்லைகள் | காத்திருக்கும் காலம், வேக விகிதம் (பி வேகம் எஸ் வேகத்தைப் போல எத்தனை மடங்கு) பற்றிய ஊகம், எதிரொலிகள் |
| எஸ் ரிசீவர் ஃபங்ஷன் (எஸ் பி ஆக மாறுவது) | 50 கி.மீ.க்குக் கீழே | கற்கோளத்தின் (புவியோடும் அதன் கீழ் ஒட்டிய கெட்டிப் பாறையும்) அடி | தெளிவு குறைவு, நல்ல பதிவுகள் சொற்பம் |
| செயற்கை அதிர்வில் உருமாறிய தெறிப்பு | சில நூறு மீற்றர் முதல் சில கி.மீ. வரை | எரிவாயுவின் கீழே மறைந்த அமைப்பு | கடலடிக் கருவி, நீண்ட கணினி வேலை |
| மேற்பரப்பு அலை, சுற்றுப்புற இரைச்சல் | சில மீற்றர் முதல் பத்துக்கணக்கான கி.மீ. வரை | எஸ் அலை வேகம் | கூர்மையான எல்லை மங்கிவிடும் |

## தெரிவு 1: தொலைதூர நடுக்கமும் பி ரிசீவர் ஃபங்ஷனும்

உலகின் வேறு மூலையில் நடந்த நிலநடுக்கத்தின் பி அலை நம் காலடியில் இருந்து மேலே வருகிறது. வழியில் மோஹோ எல்லையில் அதன் ஒரு பங்கு எஸ் ஆக மாறுகிறது. நிலைக்குத்துப் பதிவைக் கொண்டு கிடைத்திசைப் பதிவை 'வகுத்தால்' நடுக்கம் நடந்த இடத்தின் சிக்கல்கள் கழிந்து, கருவிக்குக் கீழே உள்ள பாறையின் கைரேகை மட்டும் மிஞ்சும். அதுதான் ரிசீவர் ஃபங்ஷன். 1970களின் பிற்பகுதியிலிருந்தே இது புழக்கத்தில் இருக்கிறது.

அந்தக் கைரேகை எப்படி இருக்கும்? 36 கி.மீ. தடிப்புள்ள புவியோட்டை எடுங்கள். பி வேகம் நொடிக்கு 6.4 கி.மீ., எஸ் வேகம் 3.7 கி.மீ. என்று வைப்போம். திரையில் பூச்சிய நொடியில் ஒரு பெரிய மேடு: அது பி. அதற்கு 4.3 நொடி பிந்தி ஒரு சிறிய மேடு: மோஹோவில் உருமாறியது. 14.7 நொடியில் இன்னொன்று, 19 நொடியில் தலைகீழாக ஒரு பள்ளம். பின் இரண்டும் தரைக்கும் மோஹோவுக்கும் இடையே ஒருமுறை போய்த் திரும்பிய எதிரொலிகள். முதன்முறை பார்ப்பவர்கள் 14 நொடி மேட்டைக் கண்டு "நூறு கிலோமீற்றருக்குக் கீழே புதிதாக ஓர் எல்லை!" என்று துள்ளிக் குதிப்பது வழக்கம்.

எதிரொலி தொல்லை மட்டுமல்ல, உதவியும்கூட. 4.3 நொடியை மட்டும் வைத்து ஆழம் சொல்ல முடியாது. பி வேகம் எஸ் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பதும் தெரிய வேண்டும். மேலே நான் எடுத்தது 1.73. அதையே 1.78 என்று எடுத்தால், அதே 4.3 நொடிக்கு 33.7 கி.மீ. என்று விடை வரும். விகிதத்தில் 0.05 பிசகினால் ஆழத்தில் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் போய்விடுகிறது. மோஹோவில் உருமாறிய மேடு, எதிரொலி மேடு, பள்ளம் மூன்றையும் ஒன்றாகப் பொருத்தித் தடிப்பையும் விகிதத்தையும் சேர்த்தே தேடும் முறையை 2000இல் ஷூவும் கனமோரியும் கலிபோர்னியத் தரவில் காட்டினார்கள். இன்று எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான்.

இனி நம் இடத்தின் சங்கதி. இந்த முறைக்கு நிலநடுக்கம் சுமார் 30 பாகை முதல் 90 பாகை தூரத்தில் (பூமியின் மையத்தில் எடுக்கும் கோணம்) நடந்திருக்க வேண்டும். அதற்குக் கிட்ட நடந்தால் அலை புவியோட்டுக்குக் கீழே உள்ள மேல் மேன்டிலில் வளைந்து நெளிந்து பல துண்டாக வந்து குழப்பும். 2004 டிசம்பர் 26 நம் கரையைக் குலைத்த ஆச்சே நடுக்கம் கொழும்பிலிருந்து 16 பாகை அளவில்தான். நமக்கு மறக்க முடியாத அந்த நடுக்கம் இந்த வேலைக்கு ஆகாது. பிலிப்பைன்ஸ் சுமார் 41 பாகை, யப்பான் 60ஐ ஒட்டி, பப்புவா நியூகினி 70 அளவில், கிரேக்கம் 58 அளவில். அதாவது கிழக்கிலிருந்து தாராளமாக வரும், வடமேற்கிலிருந்து ஓரளவு வரும், தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருவது சொற்பம். சாய்ந்த எல்லையையோ பாறையின் திசைப்பண்பையோ (அலை வேகம் திசைக்குத் திசை மாறுவது) தேடுகிறவருக்கு எல்லாத் திசையிலிருந்தும் அலை வேண்டும். இலங்கையில் அந்த வட்டம் நிரம்பாது. தலைப்பு எடுக்குமுன் இதை யாரும் சொல்வதில்லை. ஆறு மாதம் போன பிறகுதான் தெரிய வரும்.

கருவி வைக்கும் நிலமும் முக்கியம். நைஸ் என்னும் கெட்டிப் பாறையின் மேல் இருக்கும் கருவி சுத்தமாகப் பதியும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லின் மேலோ கொழும்புச் சதுப்பின் மேலோ வைத்தால் மேலடுக்கின் அதிர்வு திரும்பத் திரும்ப ஒலித்து மோஹோ மேட்டை விழுங்கிவிடும். அதோடு உருமாறிய அலை தெரிவது கிடைத்திசைப் பதிவில். கருவி சற்றுச் சரிந்தாலே அதில்தான் முதலில் இரைச்சல் ஏறும். வெள்ளவத்தையில் கரையோரம் ரயில் போகும் பாதைக்குப் பக்கத்து வீட்டில் அகலப்பட்டைக் கருவி (மெதுவான அதிர்வு முதல் வேகமானது வரை பதிவது) வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வைக்கலாம், ரயில் நேர அட்டவணை கிடைக்கும்.

செலவைச் சொல்வோம். சொந்தமாக நிலையம் போடப் போனால் கருவி, மின்கலம், சூரியத் தகடு, காவல், மழைக்காலத்தில் நீர் புகாத குழி என்று பட்டியல் நீளும். கிழக்கில் யானைக்கும் வழி விட வேண்டும். குறைந்தது ஒரு வருடம் ஓட வேண்டும், பதிந்ததில் பெரும்பகுதியைத் தரமில்லை என்று தள்ள வேண்டியும் வரும். ஆனால் இது கட்டாயமில்லை. கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலை நிலையம் 2000ஆம் ஆண்டு முதல் உலக வலையமைப்பில் இருக்கிறது. அநுராதபுரப் பக்கம் மஹகனதராவவிலும் மாத்தறைப் பக்கம் ஹக்மனவிலும் ஜெர்மனியின் ஜியோஃபோன் வலையமைப்போடு சேர்ந்த நிலையங்கள் உள்ளன. இவற்றின் பதிவு இணையத்தில் இலவசம். கணக்கிடும் பைதன் மென்பொருளும் இலவசம். ஒரு மடிக்கணினியும் ஓரளவு இணைய வேகமும் இருந்தால் விடுதி அறையிலிருந்தே செய்யலாம்.

எப்போது இதுவே சரி: புவியோட்டின் தடிப்பு, அதற்குள் இருக்கும் பெரிய எல்லைகள், அதன் சராசரி வேக விகிதம். எப்போது வேண்டாம்: சில கிலோமீற்றருக்கு மெல்லிய அடுக்கைப் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால். நொடிக்கு ஒரு அதிர்வு என்ற அளவில் எஸ் அலையின் நீளமே 3.7 கி.மீ. ஆகிவிடுகிறது. இன்னொன்று: மோஹோவில் அலை உருமாறும் புள்ளி கருவிக்கு நேர் கீழே இல்லை, 8 கி.மீ. அளவு தள்ளி இருக்கும். தனிநிலையம் ஒன்றை வைத்து "இந்த ஊருக்குக் கீழே" என்று எழுதும்போது இதை நினைவில் வையுங்கள்.

## தெரிவு 2: எஸ் ரிசீவர் ஃபங்ஷன்

இதில் எஸ் அலை பி ஆக மாறுகிறது. மாறியது முந்தி வருகிறது, எதிரொலிகள் பிந்தி வருகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதாது என்பதுதான் இதன் ஒரே பெரிய வரம். பி முறையில் 100 முதல் 200 கி.மீ. ஆழம் மோஹோவின் எதிரொலிக்குள் மூழ்கிக் கிடக்கும். அங்கே கற்கோளத்தின் அடியைத் தேடுகிறவருக்கு இதைவிட்டால் வழி குறைவு.

மற்றபடி எல்லாம் பாதகம்தான். எஸ் அலை குறைந்த அதிர்வெண்ணில் வருகிறது, படம் மங்கல். பி அலையின் வால் இன்னும் அடங்காத நேரத்தில் வருகிறது, இரைச்சல் கூட. உருமாறும் புள்ளி மோஹோவிலேயே 30 கி.மீ. அளவு தள்ளிப் போய்விடும். பயன்படும் தூரமும் சுமார் 55 முதல் 85 பாகை என்று சுருங்குகிறது. பிலிப்பைன்ஸ் கைவிட்டுப் போய்விடும். இறுதியாண்டு மாணவருக்கு நான் இதைத் தனியாகப் பரிந்துரைப்பதில்லை. முதுகலை செய்கிறவர், பல நிலையத் தரவு கையில் உள்ளவர், பார்க்கலாம்.

## தெரிவு 3: செயற்கை அதிர்வும் உருமாறிய தெறிப்பும்

இது எண்ணெய், எரிவாயுத் தொழிலின் முறை. மேலிருந்து பி அலையை அனுப்புகிறார்கள். அடுக்கில் பட்டுத் தெறிக்கும்போது எஸ் ஆக மாறி மேலே வருகிறது. வழக்கமான தெறிப்பு முறையில் பி போய்ப் பி ஆகவே திரும்பும்.

பாறையின் துளைகளில் எரிவாயு சிறிதளவு இருந்தாலே பி அலை தளர்ந்து சிதறிவிடும். எஸ் அலைக்கு துளைக்குள் தண்ணீரா வாயுவா என்பது பெரிய விடயமில்லை. அது பாறையின் எலும்புக்கூட்டைப் பிடித்துப் போகிறது. ஆகவே வாயு மேகத்தின் கீழே பி படம் புகைமூட்டமாகத் தெரியும் இடத்தில் உருமாறிய அலை தெளிவாகக் காட்டும். 1990களின் முற்பகுதியில் வடகடலில் டொம்மெலிட்டன் எரிவாயு வயலில் நோர்வேயின் ஸ்டாட்டாயில் நிறுவனம் இதைச் செய்து காட்டிய பிறகுதான் தொழில் இதைப் பெரிதாக எடுத்தது. அல்பா எண்ணெய் வயலில் கதை வேறு: அங்கே மணற்பாறைக்கும் சுற்றியுள்ள களிப்பாறைக்கும் பி அலையில் வித்தியாசமே இல்லை, எஸ் அலையில் பளிச்சென்று தெரிந்தது.

நமக்கு இது மன்னார்ப் படுகை காரணமாகப் பொருந்துகிறது. 2011இல் கெய்ர்ன் நிறுவனம் அங்கே டொராடோ, பராகுடா என்ற கிணறுகளில் எரிவாயு கண்டது. பி படத்தில் ஒரு இடம் பளிச்சிடுகிறது என்றால் அது வாயுவாலா, பாறை மாறியதாலா? உருமாறிய படத்திலும் பளிச்சிட்டால் பாறை என்ற பக்கம் சாயலாம். அங்கே அடங்கிவிட்டால் வாயு என்ற பக்கம். கிணறு தோண்டுமுன் இந்த விடை கிடைப்பது பெரிய விடயம்.

ஆனால் எஸ் அலை தண்ணீரில் போகாது. கப்பல் இழுத்துச் செல்லும் சாதாரண மிதவைக் கம்பியில் இது பதியவே பதியாது. நீர்க்கேட்பானோடு மூன்று திசை ஜியோபோன் (நில அதிர்வைப் பதியும் சிறு உணரி) கொண்ட கருவிகளைக் கடலடியில் வைக்க வேண்டும். செலவு ஒரேயடியாக எகிறும் இடம் இதுதான். அடுத்த செலவு கணினி அறையில். பி முறையில் தெறிப்புப் புள்ளி மூலத்துக்கும் கருவிக்கும் நட்டநடுவில் என்று எடுத்துக்கொள்ளலாம். உருமாறிய அலையில் பாதை இருபுறமும் ஒன்றல்ல. வேக விகிதம் 2 ஆனால் புள்ளி, ஆழமான அடுக்குக்கு, மூலத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் விழும்; அடுக்கு மேலே வர வர கருவிப் பக்கம் இன்னும் நகரும். கடலடிச் சேற்றில் எஸ் அலை மிக மெதுவாகப் போவதால் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாமதத் திருத்தம் வேண்டும். வெடிப்புள்ள பாறையில் எஸ் அலை இரண்டாகப் பிளக்கும், அதையும் பிரித்தெடுக்க வேண்டும். ஏலத் தொகையில் "தரவு சேகரிப்பு" என்ற வரியை மட்டும் பார்த்துக் கையெழுத்து வைக்கிறவர் பின்னால் தரவு திருத்தக் கட்டணத்தைக் கண்டு திகைப்பார்.

நிலத்தில் செய்தாலும் இதே கதைதான். நம் செம்மண், உக்கிய பாறை மேலடுக்கில் எஸ் அலை தள்ளாடும். எஸ் திருத்தம் பி திருத்தத்தைப் போலப் பல மடங்கு பெரிது. கனிமம் தேடும் சிறிய கம்பனிக்கு, முதலில் பி தெறிப்பை ஒழுங்காகச் செய்யுங்கள் என்றே சொல்வேன்.

## தெரிவு 4: உருமாற்றமே வேண்டாம், மேற்பரப்பு அலை போதும்

கொழும்புப் பொறியியலாளருக்கான பதில் இங்கே இருக்கிறது. முத்துராஜவெலச் சதுப்பை ஒட்டிய காணியிலோ நகரின் தாழ்நிலத்திலோ உங்கள் கேள்வி, மெதுமண் எத்தனை மீற்றர், அதன் கீழே பாறை எங்கே, மண்ணின் விறைப்பு என்ன என்பதுதான். அதற்கு ஒரு சம்மட்டி, ஒரு வரிசை ஜியோபோன், மேற்பரப்பு அலையைப் பிரிக்கும் மென்பொருள் போதும், அரைநாள் வேலை. அதையும் விட மலிவு, ஒற்றைக் கருவியைத் தரையில் வைத்துக் கிடை இரைச்சலையும் நிலைக்குத்து இரைச்சலையும் ஒப்பிடும் நாகமுரா முறை. எஸ் வேகம் நொடிக்கு 100 மீற்றராக உள்ள மெதுமண் 10 மீற்றர் தடிப்பில் நைஸ் பாறையின் மேல் படிந்திருந்தால் நொடிக்கு 2.5 அதிர்வு என்ற இடத்தில் ஓர் உச்சம் நிற்கும். வேகத்தைத் தடிப்பின் நாலு மடங்கால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். பாறை உக்கி மெல்ல மெல்லக் கெட்டியாகும் இடத்தில் உச்சம் பரந்து மழுங்கும்; ஆகவே துளையிட்டுப் பார்ப்பதை இது குறைக்கும், ஒழிக்காது.

ஆழத்துக்கும் இதே குடும்பத்தில் முறை உண்டு. இரண்டு நிலையங்களின் மாதக்கணக்கான இரைச்சலை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மேற்பரப்பு அலை போனது போன்ற பதிவு கிடைக்கும். தீவைச் சுற்றிக் கடல் அலை ஓயாமல் நிலத்தை ஆட்டுவதால் நமக்கு இரைச்சலுக்குப் பஞ்சமில்லை, நிலநடுக்கத்துக்குக் காத்திருக்கவும் தேவையில்லை. ஆனால் எல்லைகள் மழுங்கிய படமாகத்தான் வரும்.

## இரண்டையும் சேர்த்தால்

ரிசீவர் ஃபங்ஷன் எல்லையைத் தருகிறது, மேற்பரப்பு அலை வேகத்தைத் தருகிறது. ஒன்றின் பலவீனம் மற்றதன் பலம். இலங்கையின் புவியோடு பற்றிய விரிவான வேலை இப்படித்தான் நடந்தது. ஜெர்மனியின் பொட்ஸ்டாம் புவி அறிவியல் ஆய்வு மையம் நமது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தோடு சேர்ந்து 2016–2017இல் தீவெங்கும் தற்காலிக நிலையங்களை ஓட்டியது. 2020இல் முடிவு வெளியானது: புவியோடு 30 முதல் 40 கி.மீ.; உயர்நிலத் தொகுதி என்ற நடுத்தீவுப் பழம்பாறைப் பகுதியின் நடுவில் 38–40 கி.மீ. தடிப்பு, மேற்குக் கரையில், மன்னார்ப் படுகை உருவானபோது மெலிந்த பகுதியில், 30–35 கி.மீ. வேக விகிதம் 1.60க்கும் 1.82க்கும் இடையில். நடு உயர்நிலத்தின் கீழே 18 முதல் 27 கி.மீ. ஆழத்தில் மேற்கு நோக்கி மெல்லச் சரியும் எல்லை ஒன்றும் தெரிந்தது. ஒரு முறையை மட்டும் வைத்திருந்தால் இவ்வளவு துணிந்து சொல்லியிருக்க முடியாது. இதற்காக எழுதப்பட்ட பேஹன்டர் என்ற மென்பொருளும் திறந்தே கிடக்கிறது. அது ஒரே விடையைத் தராமல், தரவுக்குப் பொருந்தும் பல்லாயிரம் மாதிரிகளைத் தந்து எது எவ்வளவு நிச்சயம் என்று காட்டும்.

## அப்படியானால் யாருக்கு எது

அத்திவாரத்துக்கு மண் பார்ப்பவர்: நான்காவது, தயங்காமல். மன்னாரில் உரிமம் வைத்திருக்கும் நிறுவனம்: பி படத்தில் வாயு நிழல் விழுந்திருந்தால் மூன்றாவது; விழவில்லையென்றால் அந்தப் பணத்தை இன்னொரு கிணற்றுக்கு வைக்கலாம். முதுகலைக்குக் கற்கோளத்தின் அடியைத் தேடுகிறவர்: இரண்டாவது, பி முறையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

ஒரு வருடமும் ஒரு மடிக்கணினியும் மட்டும் உள்ள இறுதியாண்டு மாணவர்: முதலாவது. பல்லேகலையில் தொடங்குங்கள்; அதன் பதிவு நீண்டது, பாறை நல்லது. முதல் வேலையாகக் கிடைத்திசைக் கருவிகள் உண்மையிலேயே வடக்கையும் கிழக்கையும் நோக்கி இருக்கின்றனவா என்று பி அலையின் துகளசைவை (நிலம் எத்திசையில் அசைந்தது என்பதை) வைத்துச் சரிபாருங்கள். பத்துப் பாகை திரும்பியிருந்தாலும் ஆரைத் திசை (நடுக்கம் இருக்கும் திசை) அலை அதற்குக் குறுக்குத் திசைக்குள் கசிந்து, இல்லாத சாய்வை இருப்பதாகக் காட்டும். நண்பர் ஒருவர் கூட இருந்தால் அவர் மூன்று நிலையங்களுக்கிடையே இரைச்சல் முறையை எடுக்கட்டும், கடைசி இரண்டு மாதத்தில் இருவர் தரவையும் பேஹன்டரில் சேர்த்துப் போடலாம். உங்கள் மோஹோ 2020 முடிவிலிருந்து ஐந்து கிலோமீற்றர் விலகி வந்தால் புதுக் கண்டுபிடிப்பு என்று எழுதுமுன், நீங்கள் எடுத்த வேக விகிதத்தைப் பாருங்கள்; அப்புறம் 14 நொடிப் பக்கம் எதிரொலி மேடு அந்த ஆழத்துக்கு ஒத்துவருகிறதா என்று பாருங்கள்.